கோச்சுக்கிட்டா உட்கார ஒரு அறை: சேலம், ஏற்காடு 5 நாள்

ஜனவரி 21, 2025, செவ்வாய்க்கிழமை: கரூர் முதல் சேலம் வரை

கிழமை பார்த்துக் கிளம்பவில்லை. பள்ளிக்கூடங்களில் அனுமதி கிடைத்த வாரம் இது, அவ்வளவுதான். ஆனால் மாதம் பார்த்தோம். இந்த 16-ஆம் தேதி சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் பூமி வந்தது. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை வரும் நாள் அது. இந்தச் சமயத்தில் செவ்வாய் பொழுது சாயும்போதே கிழக்கே ஏறிவிடும், விடியும்வரை வானத்தில் இருக்கும். அதனால் ஆறு அங்குலத் தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு வந்தோம், நானும் சித்தி மகனும். கூடவே ஒரு பெயின்ட் வாளி நிறையச் செம்மண். தொலைநோக்கிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டர், மண்ணுக்கு என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆறு வருடமாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் அரசுப் பள்ளிகளுக்குப் போய் செவ்வாயில் மனிதர்கள் குடியேறுவதைப் பற்றிப் பேசி வருகிறேன். ராபர்ட் ஜூப்ரின் 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய மார்ஸ் சொசைட்டி, யூட்டா பாலைவனத்தில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறது. ஆறேழு பேராக இரண்டு வாரம் தங்கி, விண்வெளி உடை போட்டுக்கொண்டுதான் வாசலையே தாண்டுவார்கள். அதைப் படித்த அன்று பிடித்த ஆசை இது. நம் பிள்ளைகளுக்கு நம் மொழியில் இதை யார் சொல்வார்கள் என்று பார்த்தேன், யாரும் அகப்படவில்லை, நானே கிளம்பிவிட்டேன்.

பரமத்தி தாண்டும்போது தம்பிக்கு மேற்கே கை காட்டினேன். அந்தப் பக்கம்தான் சித்தம்பூண்டி. சந்திரயான் இறங்குகலத்தைச் சோதிக்க நிலாவின் மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது, அந்த ஊர்ப் பக்கத்து அனார்த்தோசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ தயாரித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையும் அதில் கைகொடுத்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எங்க மாமியா ஊருங்க அது" என்றார். இறங்கும்வரை அந்தப் பாறையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

சேலத்தில் சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு தட்டைக்கு நடுவில் சீவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. செட் 40 ரூபாய். கடித்ததும் தட்டை நொறுங்கும் முன்னே சட்னி விரலில் வழிந்துவிடும், அதற்குள் அடுத்த வாய் போக வேண்டும். கடைக்காரர் தொலைநோக்கிக் குழாயைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். சொன்னேன். கை வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "இங்கயே தண்ணிக்குத் திண்டாடுறோம். அங்க போயி என்னங்க பண்றது?"

வழக்கமாகச் சொல்லும் பதிலைத் தொடங்கினேன். மங்கள்யானுக்குச் செலவானது 450 கோடிதான், அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், 2014 செப்டம்பர் 24-ல் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றத் தொடங்கிவிட்டது என்று. பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி. அவர் அடுத்த செட்டை அடுக்கப் போய்விட்டார்.

லாட்ஜில் தூக்கம் வரவில்லை. ஆறு வருடமாக ராக்கெட்டில்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். இரவு 11 மணிக்கு நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "தண்ணி" என்று எழுதினேன்.

ஜனவரி 22, புதன்: சேலம்

பகலில் வெயில் சுள்ளென்று இருந்தது. தை மாதம் என்று நம்ப முடியவில்லை.

அரசு மகளிர் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. "உங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கொடம் தண்ணி?" என்று கேட்டுத் தொடங்கினேன். கேட்டதுதான் தாமதம். பதினெட்டு, இருபத்திரண்டு, தண்ணி வராத நாளில் ஒன்பது. ஒருத்தி உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டாள்: குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க, ஆடு ஒன்று. அரிசி கழுவின தண்ணீர் ஆட்டுக்கு, துணி அலசின தண்ணீர் கக்கூசுக்கு. எதை எதற்கு மறுபடி பயன்படுத்துவது என்று அந்த வகுப்புக்கு நான் சொல்லித்தர ஒன்றுமே இல்லை. பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மூச்சு, வியர்வை, சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து, 100 லிட்டருக்கு 98 லிட்டர் திரும்ப எடுக்கிறார்கள், 2023-ல்தான் அந்த அளவை எட்டினார்கள் என்றேன். "ச்சீ" என்று ஒரு அலை போனது. உள்ளங்கைக்காரி மட்டும், "மீதி ரெண்டு லிட்டர் எங்க மிஸ் போகுது?" என்றாள்.

செவ்வாயில் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறது. 2008-ல் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் சில அங்குலம் தோண்டியதுமே வெள்ளையாகத் தெரிந்தது. சில நாளில் அந்தத் துண்டுகள் காணாமல் போயின. உருகவில்லை, நேரே ஆவியாகிவிட்டன. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் மைதானத்துக்குப் போனோம். 20 ரூபாய் கோலமாவுப் பாக்கெட் மூன்று. டேப்பைப் பிடித்து 50 அடிக்கு 34 அடி ஒரு கட்டம் போட்டோம், 1,700 சதுர அடி. ஹூஸ்டனில் நாசா கட்டியிருக்கும் செவ்வாய் மாதிரி வீட்டின் அளவு அது. முறுக்கு பிழிகிற மாதிரி, இயந்திரம் கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து கட்டிய சுவர். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், நான்கு பேரும் 2023 ஜூன் 25-ல் உள்ளே போனவர்கள் 2024 ஜூலை 6-ல்தான் வெளியே வந்தார்கள். 378 நாள். வெளியே ஒரு வார்த்தை சொன்னால் போய்ச்சேரவே 22 நிமிடம் வரை ஆகும்படி வைத்திருந்தார்கள், நிஜமாகச் செவ்வாய்க்கு ஆவதுபோல.

பிள்ளைகளை உள்ளே விட்டேன். சமையலறை எங்கே, துணி காயப்போடும் கொடி எங்கே, கீரைப் பாத்தி எங்கே என்று கால் மணி நேரத்தில் கோடு கோடாகப் பிரித்துவிட்டார்கள். பூஜை அறைக்கு ஒரு சண்டை நடந்து, அலமாரி அளவுக்கு ஒத்துக்கொண்டார்கள். கீரைப் பாத்தியைக் குளியலறைக்கு ஒட்டி வைத்தார்கள், தண்ணீர் தானாக ஓடட்டும் என்று.

கடைசி வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், ரெண்டு பேருக்குச் சண்ட வந்தா எங்க போறது? வெளிய போயி திண்ணைல உக்கார முடியாதுல்ல?"

நான் ஆறு வருடம் பேசியதில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. என்ஜின் கேட்டிருக்கிறார்கள், வேகம் கேட்டிருக்கிறார்கள், ஏலியன் கேட்டிருக்கிறார்கள். மாஸ்கோவில் 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை செவ்வாய்ப் பயண ஒத்திகையாக ஆறு பேரை 520 நாள் பூட்டி வைத்துப் பார்த்ததே பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான் என்று சொன்னேன். அவள் காத்திருக்கவில்லை. சாமான் அறையின் ஒரு கோட்டைக் காலால் அழித்துவிட்டு, மூலையில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு கட்டம் போட்டாள். "இது கோச்சுக்கிட்டா உக்கார்ற ரூம். யாரும் கூப்பிடக் கூடாது. அவங்களா வரணும்."

மத்தியானம் வேதியியல் டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை எடுத்தார். மாமாங்கம் பக்கம் வீடு, வழியில் கிடக்கும் என்றார். மாக்னசைட். ஊரே அதைச் சுண்ணாம்புக்கரடு என்று சொன்னாலும் அது சுண்ணாம்பு இல்லை, மெக்னீசியம் கார்பனேட். இடித்துப் பொடியாக்கி, நீர்த்த அமிலம் விட்டார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. லேசாகச் சூடு காட்டினார். சோதனைக் குழாயின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு குமிழி, பிறகு இரண்டு, பிறகு சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்து ஏறியது. வாயில் எரியும் குச்சியை நீட்டினதும் அணைந்தது. கரியமில வாயு. ஒரு காலத்தில் வாயுவாக இருந்தது, நீரில் கரைந்து ஆலிவின் என்ற தாது நிறைந்த பாறைக்குள் இறங்கிக் கல்லாகிப் போனது, இப்போது இந்த வகுப்பில் திரும்பக் காற்றாகிறது.

செவ்வாயிலும் இதே கல் இருக்கிறது. நிலி ஃபோசே என்ற இடத்தில் மெக்னீசியம் கார்பனேட் இருப்பதை மேலே சுற்றும் கலம் கண்டு 2008-ல் அறிவித்தார்கள். 2021 பிப்ரவரி 18-ல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசிரோ பள்ளத்திலும் கார்பனேட் உண்டு. அந்தக் கிரகத்தின் பழைய காற்று பெரும்பாலும் விண்வெளிக்குத் தப்பிப் போனது, ஒரு பங்கு இப்படிக் கல்லுக்குள் இருக்கிறது. மிச்சமிருக்கும் மெல்லிய காற்றும் 95 சதவீதம் கரியமில வாயுதான். அதிலிருந்து ஆக்சிஜன் எடுக்க மாக்ஸி என்ற பெட்டியை அந்த ஊர்தியிலேயே வைத்து அனுப்பினார்கள். 16 முறை ஓட்டி மொத்தம் 122 கிராம். ஒரு சின்ன நாய் 10 மணி நேரம் மூச்சு விடும் அளவு. கொஞ்சம்தான், ஆனால் வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து மனிதன் செய்த முதல் மூச்சு அது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். இன்றும் அடைத்தது.

கல்லின் ஒரு துண்டை டீச்சர் எனக்குத் தந்தார்.

ஜனவரி 23, வியாழன்: மலை ஏற்றம்

20 கொண்டை ஊசி வளைவு. ஏழாவதிலோ எட்டாவதிலோ டிரைவர் ஒரு பிரேக் போட்டார், பெயின்ட் வாளி உருண்டு மூடி கழன்று, செம்மண் முழுக்க பஸ் நடைபாதையில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் தன் கட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் குனிந்து அள்ளத் தொடங்கினார். கண்டக்டர் பின்னாலிருந்து விளக்குமாறு கொண்டுவந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அவரே கூட்டினார். பாதிதான் தேறியது.

"எதுக்குக் கண்ணு மண்ணச் சொமந்துட்டு வர்ற?" என்றார் அந்த அம்மா. செவ்வாய் மண் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட என்றேன். "எங்க மலையில பூரா செகப்பு மண்ணுதான். அங்க வந்து அள்ளிக்க."

உண்மை. மேலே போய்ப் பார்த்தால் வெட்டுப்பாறை ஓரமெல்லாம் செக்கச்செவேல். இந்தச் சேர்வராயன் மலையின் உச்சிகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டியெடுத்திருக்கிறார்கள். காலங்காலமாக மழை கரைக்கக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய், இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்ட மண். செவ்வாயின் சிவப்பும் இரும்புத் துருதான். ஆனால் அங்குள்ள மண்ணில் பெர்குளோரேட் உப்பு கலந்திருக்கிறது, ஃபீனிக்ஸ் கண்டுபிடித்தது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு. கழுவி எடுக்காமல் ஒரு கீரை விதை போட முடியாது. கழுவ மறுபடி தண்ணீர். தட்டுவடைக் கடைக்காரர் என்னை விடுவதாக இல்லை.

நாங்கள் தங்கியது ஒரு மலைக் கிராமத்தில், சத்துணவு அமைப்பாளர் ஒருவரின் வீட்டில். ராத்திரிக்கு ராகிக் களியும் மொச்சைக் குழம்பும். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் முழுங்க வேண்டும் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஆறு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தொலைநோக்கி திண்ணையில் சும்மா நின்றது. குளிரில் அடுப்படியை விட்டு யாரும் நகரவில்லை. பெரியவர் தங்கள் மலையாளி இனத்தார் (மலைவாழ் பழங்குடிகள், கேரளத்தார் இல்லை) இங்கே வந்த கதையைச் சொன்னார். காஞ்சிபுரத்தில் கரிராமன் சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது கிளம்பி வந்துவிட்டது. பின்னாலேயே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் குடும்பத்தோடு வந்தார்கள். பெரியண்ணன் வழிதான் இந்தச் சேர்வராயன் மலைக்காரர்கள், நடுவண்ணன் பச்சைமலைப் பக்கம் போனார். "சாமி முன்னால போச்சு, நாங்க பின்னால வந்தோம். வெத நெல்லும் சாமையும் கொண்டாந்தோம்னு சொல்லுவாங்க."

பிறகு என்னிடம் கேட்டார். "நீங்க சொல்ற எடத்துக்குப் பட்டா யாரும்மா தருவாங்க?"

1967 விண்வெளி ஒப்பந்தத்தைச் சொன்னேன். நிலாவையோ செவ்வாயையோ எந்த நாடும் தன் நிலம் என்று உரிமை கொண்டாட முடியாது, இந்தியாவும் அதில் இருக்கிறது. அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "நாடு கேக்காது. கம்பெனி கேக்குமா?" 2015-ல் அமெரிக்கா, விண்வெளியில் தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம் என்று தன் மக்களுக்குச் சட்டம் போட்டதையும், அது ஒப்பந்தத்துக்குப் பொருந்துமா என்று இன்றும் வாதாடிக்கொண்டிருப்பதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்ப மொதல்ல போறவன் வேலி போட்டுருவான்" என்றார். இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். வேலி எப்படி வரும் என்று இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் இந்த வேலையைச் செய்வதற்குக் காரணம் இதுவேதான் என்று அவரிடம் சொன்னேன். வேலி எங்கே, தண்ணீர் யாருக்கு என்று முடிவு செய்யும் இடத்தில் இந்த ஊர்ப் பிள்ளையும் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி: காப்பிக் களம்

காலையில் மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். செவ்வாயில் சராசரி மைனஸ் 63 டிகிரி என்று சொன்னதும், போர்வையோடு வந்த ஒரு பையன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

பள்ளியில் 31 பிள்ளைகள். மைதானம் சரிவு, வீடு போட இடமில்லை. பக்கத்துத் தோட்டத்தின் காய்க்களத்தைக் கேட்டுப் பார்த்தோம். பழம் பறிப்பு முடியும் நேரம், களம் பாதி காலி. கோலமாவு தீர்ந்துபோய், செங்கல் துண்டால் கோடு போட்டோம். சேலத்துப் பெண் போட்ட மூலை அறையைப் பற்றிச் சொன்னேன். இவர்கள் அதை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், கோபத்தில் இருப்பவருக்கு வெளியே ஏதாவது தெரிய வேண்டும் என்று. சன்னல் வைத்தால் கதிர்வீச்சு வருமே என்றேன். அங்கே தரையில் ஒரு நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவெர்ட் என்று நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அளந்திருக்கிறது, அதனால்தான் வீட்டின் மேல் மண்ணைக் குவிக்கச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் கூடிப் பேசிவிட்டு, "சன்னல் சின்னதா இருக்கட்டும்" என்றார்கள்.

பழம் உலர்த்திக்கொண்டிருந்த பெண்களும் வந்து நின்றார்கள். அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் என்றதும், "கூட நாப்பது நிமிசம் தூங்கலாம்" என்றான் ஒரு பையன். அவன் அம்மா, "கூட நாப்பது நிமிசம் வேல" என்றார். ஒரு பாட்டி, அங்கே பிள்ளைப்பேறு எப்படி என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்பதுதான் பதில். நம் எடையில் 38 சதவீதம்தான் அங்கே. அந்த ஈர்ப்பில் ஒரு குழந்தை கருவாகி வளருமா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. குடியேற்றம் என்று நாங்கள் மேடையில் சொல்லும் சொல்லின் மொத்தப் பாரமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, இனி நானே அதைச் சொல்லித்தான் முடிப்பேன்.

சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி. நிலாவும் இல்லை. மேற்கே வெள்ளி, உச்சியில் வியாழன், கிழக்கே புனர்பூசத்தை ஒட்டிச் செவ்வாய், அடுப்புத் தணல் நிறத்தில். களத்திலேயே தொலைநோக்கியை வைத்தோம், ஊரே வரிசை கட்டியது.

காலையில் நாப்பது நிமிடம் வேலை என்ற அம்மா கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்னாலிருந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

"இதுதானா?" என்றார். "இத்தனூண்டு. ஓரத்துல வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு."

"அது பனிக்கட்டிங்க்கா. வடக்குக் கோடி. நீங்க பாக்குற வெளிச்சம் அங்கருந்து கெளம்பி அஞ்சரை நிமிசம் ஆகுது."

"தண்ணியா?"

"ஆமா. தண்ணி இருக்கு அதுல."

நிமிர்ந்து வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்தார். "எம் பொண்ணுக்கு இதாலதான் நாலு வருசமா ஒண்ணும் கூடல. வர்றவங்க எல்லாம் சாதகத்தப் பாத்துட்டுப் போயிடுறாங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று இருட்டில் இறங்கிப் போனார். கால் மணி நேரம் கழித்து மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். 27, 28 வயது இருக்கும், சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். குனிந்து பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. வரிசை முடிந்ததும் மறுபடி வந்து நின்றாள். பிறகு மூன்றாவது முறையும். தம்பி அவளுக்குக் குழாயை நகர்த்தச் சொல்லிக்கொடுத்தான். ஒன்பது மணிக்கு மேல் அவளே மற்றவர்களுக்குத் தேடிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 25, சனி: இறக்கம்

காலையில் களத்தில் காப்பிப் பழத்தைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். செங்கல் கோடுகள் அடியில் போய்விட்டன. ஊர்ப் பிள்ளைகள் ஒரு சாக்கு நிறையச் சிவப்பு மண் கட்டி வைத்திருந்தார்கள். எடை அதிகம், பாதி வாங்கிக்கொண்டோம்.

சேலத்தில் இறங்கியதும் நேரே தட்டுவடைக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அடையாளம் தெரிந்தது. 100 லிட்டருக்கு 98 லிட்டர் கணக்கைச் சொன்னேன். மைதானத்தில் பிள்ளைகள் போட்ட கீரைப் பாத்தியைச் சொன்னேன். கேரட் சீவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த மிசினு எங்க தெருவுக்கு வருங்களா?"

"இப்ப விலை ரொம்ப அதிகம்ணே. அங்க வெச்சு ஓட்டிப் பழகினாத்தான் இங்க விலை எறங்கும்னு நம்புறேன்."

"அப்ப அதச் சொல்லிக்குடுங்க பசங்களுக்கு. எப்படிக் கட்டுறதுன்னு."

சரிண்ணே என்றேன். செட் 40 ரூபாய் வாங்கிக்கொண்டார், ஒரு தட்டை கூட வைத்தார். கரூர் பஸ்ஸில் மண் சாக்கு காலடியில், வெள்ளைக்கல் சட்டைப்பையில் வேண்டாம் என்று தம்பி கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டான். அடுத்த மாதம் குளித்தலைப் பக்கம் ஒரு பள்ளி கேட்டிருக்கிறார்கள். கோலமாவு ஐந்து பாக்கெட் வாங்க வேண்டும்.